தமிழ்நாட்டு மதுச் சட்டங்களும் உள்ளூர் மதுபான உற்பத்தியும்

தமிழ்நாட்டு மதுச் சட்டங்களும் உள்ளூர் மதுபான உற்பத்தியும் என்னும் இக்கட்டுரை, தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள மதுவிலக்கு, மது விற்பனைச் சட்டங்கள் கள், கைவினைப் பியர் போன்ற சிற்றளவில் உருவாக்கப்படும் பானங்களை எவ்வாறு பாதித்துள்ளன என்பதை விளக்குகின்றது. உலகின் பல பகுதிகளில் சிறு ஆலைகளில் வடிக்கப்படும் பியர் ஓர் உள்ளூர்த் தொழிலாக வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் அதற்கு இணையான மரபுவழிப் பானம் கள் ஆகும். 1987 முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. கைவினைப் பியரும் இம்மாநிலத்தில் வேரூன்றவில்லை. அதே வேளை, பேராலைகளில் உற்பத்தியாகும் மதுவகைகளை அரசு நிறுவனமே விற்பனை செய்து வந்துள்ளது. எனவே இச்சட்டங்களின் நடைமுறை விளைவு மது நுகர்வைத் தடுப்பதைக் காட்டிலும், மதுவை யார் உற்பத்தி செய்யலாம், எந்த வடிவில் விற்கலாம் என்பதை வரையறுப்பதாகவே அமைந்துள்ளது எனலாம்.

சட்டப் பின்னணி

இந்தியாவில் மது தொடர்பான ஒரே தேசியச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 47ஆம் உறுப்பு, மருத்துவத் தேவை தவிர்ந்த ஏனைய மது நுகர்வைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என வழிகாட்டுகின்றது. இது நீதிமன்றம் வழியாக நேரடியாகச் செயற்படுத்தத்தக்க கட்டளை அன்று. போதை தரும் மதுவின் உற்பத்தி, உடைமை, போக்குவரத்து, விற்பனை ஆகியன ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 8ஆம் பதிவின் கீழ் வருகின்றன. மனித நுகர்வுக்கான மதுவின் மீது ஆயத்தீர்வை விதிக்கும் உரிமையும் (51ஆம் பதிவு) மாநிலங்களுக்கு உரியது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மது அதற்கு வெளியே வைக்கப்பட்டது. ஆகவே மாநிலங்கள் தம் விருப்பப்படி வரி விதிக்கக்கூடிய மிகச் சில பொருள்களுள் மதுவும் ஒன்றாகத் தொடர்ந்தது. மதுக்கொள்கை பற்றிய எந்த விவாதமும் மாநில வருவாய் பற்றிய விவாதமாகவும் ஆகிவிடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வரலாறு

பிரித்தானியர் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் மது உற்பத்தியும் விற்பனையும் 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டன. கள் இறக்கும் மரங்களுக்கு மரவரி விதிக்கப்பட்டது. கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. இவ்வருவாய்க்கு எதிராகவே விடுதலை இயக்கத்தின் கள்ளுக்கடை மறியல்கள் எழுந்தன. 1921இல் ஈரோட்டில் நடந்த மறியலில் பெரியார் ஈ. வெ. இராமசாமியின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் பங்கேற்றமை குறிப்பிடத்தக்கது.

1937இல் சி. இராசகோபாலாச்சாரி தலைமையிலான அரசு மதுவிலக்குச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி அறிமுகப்படுத்தப்பட்டது. போர்க்காலத்தில் இடைநிறுத்தப்பட்ட மதுவிலக்கு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது.

1971இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. 1974இல் மதுவிலக்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1981இல் ம. கோ. இராமச்சந்திரன் அரசு சாராயத்தையும் கள்ளையும் மறுபடியும் அனுமதித்தது. 1983இல் மதுவின் மொத்த விற்பனைக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) நிறுவப்பட்டது. 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. ஆயினும் இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மதுவகைகள் எனப்படும் விசுக்கி, பிராந்தி, ரம் ஆகியனவும் பியரும் இத்தடைக்குள் வரவில்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் தனியுரிமை ஆக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒரு போக்கைக் காணலாம். 1937ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதுவையும் விலக்க எண்ணியது. 1987க்குப் பின் அதே சட்டம், திருத்தங்களோடு, சிலவகை மதுவை மட்டும் விலக்கும் கருவியாக மாறியது. சட்டத்தின் பெயர் இன்றும் மதுவிலக்குச் சட்டமே. அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளோ மது உற்பத்தி, உரிமம், விற்பனை ஆகியவற்றின் விதிகளாக உள்ளன.

கள்ளும் சுண்ணாம்பும்

பனை, தென்னை ஆகியவற்றின் பாளையைச் சீவும்போது வடியும் இனிய சாறு, காற்றிலும் கலயத்திலும் உள்ள இயற்கை நொதியங்களால் சில மணி நேரத்தில் நொதிக்கத் தொடங்குகின்றது. அவ்வாறு நொதித்த சாறே கள் ஆகும். அதன் ஆல்ககால் அளவு பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும். இது பியரின் அளவை ஒத்தது. ஓரிரு நாள்களில் அது புளித்துக் காடியாகிவிடும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் சாறு காரத்தன்மை அடைந்து நொதித்தல் தடைபடும். அதுவே பதநீர். பதநீர் இறக்கவும் விற்கவும் அனுமதி உண்டு. ஆகவே ஒரே மரம், ஒரே தொழிலாளர், ஒரே கலயம் என்றிருக்க, சட்டத்துக்கு உட்பட்ட பானத்தையும் உட்படாத பானத்தையும் பிரிப்பது சுண்ணாம்புப் பூச்சே ஆகும்.

பதநீர் இறக்குவோர் மீது கள் இறக்கியதாக வழக்குத் தொடரப்படுகின்றது என்பது பனைத் தொழிலாளர் அமைப்புகள் நெடுங்காலமாக முன்வைக்கும் குறைபாடு ஆகும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் தானே நொதித்துவிடும் என்பதால், வேதியியல் வகையில் இவ்வெல்லை மிகவும் நுண்ணியது. 2017இல் தமிழ்நாடு அரசு தென்னையிலிருந்து நொதிக்காத நீரா இறக்கிப் பதப்படுத்தி விற்க அனுமதி வழங்கியது. நீராவை நொதிக்காமல் வைத்திருக்கத் தொடர் குளிரூட்டல் தேவை. எனவே அது தனி மரமேறிகளுக்கு எளிதில் கைவரக்கூடிய தொழிலாக அமையவில்லை.

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரமாகும். 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 30 மாவட்டங்களில் 76 இலட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை எனவும் அறிவிக்கப்பட்டது. மரத்தைக் காக்க நடவடிக்கைகள் எடுக்கப்படினும், மரமேறும் தொழிலில் புதிய தலைமுறையினர் குறைந்தே வருகின்றனர். பதநீர், கருப்பட்டி ஆகியவற்றின் பருவம் ஆண்டில் சில மாதங்களே என்பதும், தொழில் கடினமானதும் ஆபத்தானதும் என்பதும் இதற்குக் காரணங்கள். கள் தடை நீங்கினால் மட்டும் இந்நிலை மாறிவிடும் எனக் கூற இயலாது. ஆனால் தொழிலின் மிகுந்த வருவாய் தரக்கூடிய பகுதியைச் சட்டம் நீக்கியுள்ளது என்பது தெளிவு.

கைவினைப் பியர்

கைவினைப் பியர் என்பது சிறிய ஆலைகளில், குறைந்த அளவில், பெரும்பாலும் வடிகட்டப்படாமலும் வெப்பப் பதப்படுத்தல் இன்றியும் உருவாக்கப்படும் பியரைக் குறிக்கும். இந்தியாவில் இது 2000களின் இறுதியில் மைக்ரோ புரூவரி எனப்படும் சிற்றாலைகளின் வழியாகப் பரவியது. புனேயில் 2009இல் தூலாலி தொடங்கப்பட்டது. பெங்களூரின் இந்திரா நகரில் 2010இல் டாய்ட் திறக்கப்பட்டது. கர்நாடக அரசு சிற்றாலைகளுக்கெனத் தனி உரிம முறையை உருவாக்கியதே பெங்களூரில் இத்தொழில் விரைந்து வளர வழிவகுத்தது. இவ்வாலைகள் பொதுவாக வடித்த இடத்திலேயே பியரை விற்பனை செய்கின்றன. 2020களில் புதுச்சேரியிலும் இத்தகைய நிலையங்கள் தோன்றின.

பெங்களூரில் தகவல் தொழில்நுட்பத் துறையை ஒட்டி வளர்ந்த இத்தொழில், அதே துறை வலுவாக உள்ள சென்னையில் வளராமைக்கு வாடிக்கையாளர் இன்மை காரணமன்று. விற்பனை அமைப்பே காரணம் எனலாம். தமிழ்நாட்டில் பியர் ஆலைகள் 1983ஆம் ஆண்டு பியர் ஆலை விதிகளின் கீழ் உரிமம் பெறுகின்றன. ஆலையின் பியர் டாஸ்மாக்கின் கிடங்குக்குச் சென்று, அங்கிருந்து கடைக்கோ, உரிமம் பெற்ற விடுதி, மன்றம் ஆகியவற்றுக்கோ செல்லும் வகையில் இவ்வமைப்பு உருவாக்கப்பட்டது. ஆலைக்கும் அருந்துபவருக்கும் இடையே அரசு நிறுவனம் கட்டாயம் நிற்கும் இவ்வமைப்பில், வடித்த கலத்திலிருந்து நேரே குவளைக்கு வரும் பியருக்கு இடமில்லை. வெப்பப் பதப்படுத்தி மூடியிட்ட புட்டி கிடங்கில் பல வாரங்கள் இருக்கலாம். உயிருள்ள நொதியத்தோடு கூடிய பியர் அவ்வாறு இருக்க இயலாது.

இங்கு கள்ளுக்கும் கைவினைப் பியருக்கும் உள்ள ஒற்றுமை கவனிக்கத்தக்கது. முன்னது ஊரக எளிய மக்களின் பானம். பின்னது நகர்ப்புற உயர் வருவாய்ப் பிரிவினரின் பானம். இரண்டும் குறைந்த ஆல்ககால் கொண்டவை, விரைவில் கெடுபவை, பல சிறு இடங்களில் உருவாகுபவை. எண்ணிக்கை வைத்துக் கணக்கிட்டு முத்திரையிட இயலாத பொருள்கள் என்பதால், சில வாயில்களில் மட்டும் வரி திரட்டும் அமைப்புக்கு இரண்டுமே பொருந்துவதில்லை.

ஆல்ககால் அளவும் விற்பனை முறையும்

புட்டியில் அடைத்த வடிமதுவில் ஆல்ககால் அளவு பொதுவாக 42.8 விழுக்காடு ஆகும். குவார்ட்டர் எனப்படும் 180 மில்லிலிட்டர் புட்டியில் ஏறத்தாழ 77 மில்லிலிட்டர் தூய ஆல்ககால் உள்ளது. 5 விழுக்காடு கொண்ட 650 மில்லிலிட்டர் பியர்ப் புட்டியில் 32.5 மில்லிலிட்டரும், அதே செறிவுள்ள ஒரு லிட்டர் கள்ளில் 50 மில்லிலிட்டரும் உள்ளன. கொண்டு செல்லவும், சேமிக்கவும், வரி விதிக்கவும் மிக எளிதானது செறிவு மிகுந்த சிறு புட்டியே. செறிவு மிகுந்த மது கூடுதல் தீங்கு விளைவிக்கும் என்பது பொதுநல நோக்கு. வருவாய் நோக்கோ அதே மதுவை முன்னிறுத்துகின்றது.

டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைக்கும் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து 2003-04இல் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாயாக இருந்தன. 2023-24இல் இத்தொகை 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்ட பின்னரும் வருவாய் உயர்ந்தே வந்துள்ளது.

திருவள்ளூர் மாவட்டம்: ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறிய முரண்பாடுகள் அனைத்தையும் சென்னையை அடுத்த திருவள்ளூர் மாவட்டத்தில் காணலாம். சென்னை-அரக்கோணம் தொடர்வண்டிப் பாதையிலுள்ள திருநின்றவூருக்கு அண்மையில், அரண்வாயலில் யுனைட்டெட் புரூவரீசு நிறுவனத்தின் பெரிய பியர் ஆலை உள்ளது. மாவட்டத்தின் ஏரிக்கரைகளில் பனைகளும் உள்ளன. ஆலை உரிமம் பெற்று இயங்குகின்றது. பனையிலிருந்து கள் இறக்குவது குற்றம். மாவட்டத்தின் வட எல்லையில் கும்மிடிப்பூண்டியைக் கடந்தால் ஆந்திரப் பிரதேசம் தொடங்குகின்றது. அங்கு மரமேறிகளுக்கும் அவர்களது கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கள் இறக்க உரிமம் வழங்கும் முறை உள்ளது.

திருநின்றவூருக்கு அருகிலுள்ள குத்தம்பாக்கம் ஒரு காலத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சுதலுக்கும் அதனால் விளைந்த வன்முறைக்கும் பெயர்பெற்றிருந்த ஊராகும். 1996இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொறியாளர் இளங்கோ ரங்கசாமி, காவல்துறை நடவடிக்கையை மட்டும் நம்பாது, மாற்று வேலைவாய்ப்பு, வீட்டுவசதி, சிறுதொழில்கள் ஆகியவற்றில் கவனம் செலுத்தினார். சாராயம் காய்ச்சுதலை வறுமையின் விளைவாகக் கண்டு அணுகிய முயற்சியாக இது அறியப்படுகின்றது. ஏனைய பகுதிகளில் சட்டத்தைக் கடுமையாக்குவதே முதன்மைத் தீர்வாகக் கருதப்பட்டு வந்த காலத்தில் இம்முயற்சி வேறுபட்டு நின்றது.

இம்மாவட்டமும் சென்னையின் புறநகர்களும் வேதித் தொழிற்கூடங்கள் மிகுந்தவை. வண்ணப்பூச்சு, மருந்து, பிசின் ஆகியவற்றின் உற்பத்தியில் மெத்தனால் பயன்படுகின்றது. 2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் அருந்தி 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் கலந்திருந்த மெத்தனால், சென்னையின் மேற்குப் புறநகரான வானகரத்திலுள்ள ஒரு தொழிற்கூடத்திலிருந்து வந்ததாகக் காவல்துறை தெரிவித்தது. இங்கு அருந்தப்பட்டது மரபுவழியில் காய்ச்சிய சாராயமன்று. நீர் கலந்த தொழிற்சாலைக் கரைப்பான் ஆகும்.

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரம் பகுதியில் நிகழ்ந்த மெத்தனால் நச்சுச்சாவுகளில் 65க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். அதனைத் தொடர்ந்து சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. உயிரிழப்பு ஏற்படின் வாழ்நாள் கடுங்காவல் தண்டனையும் 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்க இத்திருத்தம் வழிசெய்கின்றது. அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தொழிற்சாலை ஆல்ககாலை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் மாநிலங்களுக்கு உண்டு என 8-1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

தடை நீக்கத்திற்கான வாதங்கள்

செ. நல்லசாமியை ஒருங்கிணைப்பாளராகக் கொண்ட தமிழ்நாடு கள் இயக்கம், கள் ஓர் உணவு என்றும், அதனை இறக்குவது உழவரின் உரிமை என்றும் வாதிட்டு வருகின்றது. பேராலை மதுவை அரசே விற்கும்போது, குறைந்த செறிவுள்ள இயற்கைப் பானத்தைத் தடை செய்வது நியாயமன்று என்பது இவ்வியக்கத்தின் மையக் கருத்து. 2024 சூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு பொதுநல வழக்கில், கள் தடையை ஏன் மறுஆய்வு செய்யக்கூடாது என அரசிடம் வினவியது. 2025 சூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கும் போராட்டம் நடத்தினார்.

தடைக்கு ஆதரவான வாதங்கள்

தடையை ஆதரிப்போரின் வாதங்களும் வலுவானவை. முதலாவது கலப்படம். 2010 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்ட கள்ளில் மெத்தனால் கலந்திருந்ததால் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 சூலையில் ஐதராபாத்தின் குகட்பள்ளியில் கலப்படக் கள் அருந்தியோர் உயிரிழந்தனர். மரத்திலிருந்து கிடைக்கும் அளவைவிடக் கடையில் விற்கும் அளவு மிகும்போது அந்த இடைவெளியை நீரும் மருந்துப் பொருள்களும் நிரப்புகின்றன என்பதே இதன் அடிப்படை.

இரண்டாவது குடும்ப நலன். மலிவான கள், கூலித் தொழிலாளர் குடும்பங்களின் வருவாயைக் குறைக்கும் என மதுவிலக்கு ஆதரவாளர்கள் கருதுகின்றனர். மதுக்கடைகளுக்கு எதிரான போராட்டங்களில் பெண்களே முன்னின்று வந்துள்ளனர். முழு மதுவிலக்கு கோரிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 சூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் போராட்டத்தின்போது உயிரிழந்தார். மூன்றாவது சமூக நிலை. மரமேறும் தொழில் சில சாதிகளின் மீது சுமத்தப்பட்ட தொழிலாக இருந்ததால், அதனை மீட்டெடுப்பது முன்னேற்றமாகாது என்ற கருத்தும் உண்டு.

ஏனைய பகுதிகளின் நடைமுறை

- கேரளம்: கள்ளுக்கடைகள் உரிமத்தோடு இயங்குகின்றன. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கள் தொழிலாளர் நலநிதி உருவாக்கப்பட்டது. கள் தொழிலாளர் தொழிற்சங்கங்கள் இங்கு வலுவானவை.
- ஆந்திரப் பிரதேசம், தெலங்காணா: மரமேறுவோருக்கே மரம் என்னும் தனி உரிமமும் கூட்டுறவுச் சங்க உரிமமும் உள்ளன.
- புதுச்சேரி: கள்ளும் சிற்றாலைப் பியரும் அனுமதிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டால் சூழப்பட்ட பகுதி என்பதால் சட்ட வேறுபாடு இங்கு வெளிப்படையாகத் தெரிகின்றது.
- இலங்கை: யாழ்ப்பாணத்திலும் பிற தமிழ்ப் பகுதிகளிலும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சேகரித்து விற்கின்றன. புட்டிகளில் அடைத்தலும் நடைபெறுகின்றது.
- பீகார்: 2016இல் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள் இறக்கிய குடும்பங்களுக்கு மாற்றாக நீரா உற்பத்தி முன்வைக்கப்பட்டது.

மதிப்பீடு

மேற்கண்ட நடைமுறைகளை ஒப்பிடும்போது, கடுமையான சட்டம், தளர்ந்த சட்டம் என்ற பாகுபாடு போதுமானதன்று என்பது புலப்படும். கேரளத்தில் உரிமம் இருந்தும் சாவுகள் நிகழ்ந்தன. தமிழ்நாட்டில் தடை இருந்தும் சாவுகள் நிகழ்ந்தன. இரு இடங்களிலும் கொன்றது நொதித்த சாறு அன்று, சேர்க்கப்பட்ட மெத்தனால். எனவே உயிர்காப்பு நோக்கில் முதன்மையான கேள்வி, மெத்தனால் தொழிற்கூடத்திலிருந்து வெளியேறும் வழிகளை எவ்வாறு கண்காணிப்பது என்பதாகும். 2024ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் தொழிற்சாலை ஆல்ககால் மீதான மாநில அதிகாரம் பற்றிய ஐயம் நீங்கியுள்ளதால், நச்சுக் கரைப்பான்களின் கண்காணிப்பிலும் மாநிலத்தின் பொறுப்பு கூடியுள்ளது எனலாம்.

கள் தொடர்பான கேள்வி இதனின்றும் வேறானது. கள்ளை அனுமதிப்பதாயின் எந்தெந்த மரங்கள், எத்தனை லிட்டர், எந்தச் சங்கம், எந்தக் கடை என்ற கணக்கு மரத்தடியிலிருந்தே தொடங்க வேண்டும். இதற்கு ஊர்தோறும் ஆளும் ஆய்வும் தேவைப்படும். கிடைக்கும் வரியோ ஒப்பீட்டளவில் சிறிதாகவே இருக்கும். சிற்றாலைப் பியருக்கும் இது பொருந்தும். கண்காணிக்கும் செலவு மிகுதி, வருவாய் குறைவு என்ற இக்கணக்கே, கட்சி வேறுபாடின்றி அடுத்தடுத்து வந்த அரசுகள் 1987ஆம் ஆண்டு முடிவை மாற்றாமல் இருந்தமையை ஓரளவு விளக்குகின்றது. பொதுநலமே தடையின் காரணம் என ஏற்பின், அதே அளவுகோல் 42.8 விழுக்காட்டுப் புட்டிக்கும் பொருந்த வேண்டும். வருவாயே காரணம் எனின், அவ்வருவாய்க்கு ஈடாகத் தம் தொழிலை இழந்தவர்கள் பனையேறிகள் என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். இவ்விரண்டில் எது காரணம் என்பதைத் தெளிவுபடுத்தாத வரை தமிழ்நாட்டின் மதுக்கொள்கை விவாதம் முடிவுறாது.